காலை ஒன்பது பத்துக்குப் போட்ட டிக்

நான்கு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம் என்று கலைவாணி சொன்னார். ஒரு காலத்தில் என் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர், இப்போது வேறொரு தொழிற்கூடத்தில் லேசர் பிரிவின் பொறுப்பாளர். போன மாதம் செங்கல்பட்டில் என் வீட்டுக்கு வந்திருந்தார்.

"சார், புதுசா பதினோரு பேர் சேர்ந்திருக்காங்க. லேசர்னா என்ன, எப்படிக் கண்டுபிடிச்சாங்க, ஒண்ணுமே தெரியாதவங்களுக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுங்க. உங்களை மாதிரி வரிசையா எழுத எங்ககிட்ட ஆளே இல்ல."

வரிசையாக எழுதுவேன் என்பது உண்மை. பாலிடெக்னிக் முடித்த நாளிலிருந்து நாட்குறிப்பு வைத்திருக்கிறேன். ஒரு நாள் விட்டதில்லை. கலைவாணி கேட்ட நான்கு பக்கத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் இடம் பெறாததை இங்கே எழுதுகிறேன். ஆனால் அதைச் சொல்வதற்கும் லேசர் என்றால் என்னவென்று முதலில் சொல்லியாக வேண்டும்.

ஓர் அணுவுக்குச் சக்தி கொடுத்தால் அது ஒரு படி மேலே ஏறி நிற்கும். கொஞ்ச நேரத்தில் தானாகக் கீழே இறங்கும். இறங்கும்போது ஒளியை விடும். மின்விளக்கின் வெளிச்சம் இப்படித்தான் வருகிறது. ஒவ்வோர் அணுவும் அதனதன் இஷ்டத்துக்கு இறங்குவதால் அந்த ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது. போன நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் ஓர் இயற்பியலாளர் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டார். ஏறி நிற்கும் அணுவின் பக்கமாக அதற்கு ஏற்ற ஒளி ஒன்று கடந்து போனால், அந்த அணு உடனே இறங்கி, கடந்து போன ஒளியைப் போலவே இன்னொன்றை விடும் என்றது அந்தக் கணக்கு. அதே நிறம், அதே திசை, அதே தாளம். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இரு முனையிலும் கண்ணாடி வைத்துத் திருப்பித் திருப்பி அனுப்பினால் பெருகிக்கொண்டே போகும். ஒரு கண்ணாடியில் கொஞ்சம் ஒளி கசிய விட்டால், வெளியே வருவது லேசர்.

எங்கள் கூடத்துக்கு வரும் விருந்தினர்களுக்கு இதை என்னைவிட நன்றாக விளக்கியவர் எத்திராஜ். "பஸ் வந்தா ஆளாளுக்கு ஓடறான் பாருங்க, அது பல்பு சார். எங்க ஊருல கரைவலை இழுப்பாங்க, நாப்பது பேரு, ஒரே கொரலு, ஒரே கை. அதான் லேசரு."

கணக்குக்கும் கருவிக்கும் இடையில் நாற்பது வருடத்துக்கு மேல் ஓடியது. முதலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணலைகளில் செய்து பார்த்தார்கள். பிறகு 1960இல், அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒருவர் விரல் அளவு மாணிக்கத் தண்டின் இரு முனைகளிலும் வெள்ளி பூசி, புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் சுருள் ஃபிளாஷ் விளக்கை அதைச் சுற்றி வைத்து, கணத்தில் மின்னி மறையும் ஒரு சிவப்பு ஒளித் துடிப்பை எடுத்தார். அதைப் பற்றி அவர் அனுப்பிய கட்டுரையை ஓர் இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. அதே வருட முடிவில் வாயு லேசர் வந்தது. நான்கு வருடம் கழித்து யாக் என்ற படிகத்தில் லேசர் வந்தது. என் வேலைக்காலம் முழுவதும் அந்த யாக் படிகத்தோடுதான் கழிந்தது. அது தரும் கதிர் அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியாது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெங்களூரில் ஒரு வருடம் லென்ஸ் துடைத்தேன். மெல்லிய தாளில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டு, ஒரே இழுப்பு. தாளை எறிந்துவிட வேண்டும். அதே தாளால் இரண்டாம் முறை துடைத்தால் கையில் அடி விழும். அதன் பிறகு செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். சிறிய கூடம். பற்றவைப்புக்கும் தூரம் அளப்பதற்கும் லேசர் கருவிகள் செய்தோம். இன்று அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது.

எங்கள் தலைவர் சபாபதி சார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் பேசி முடித்த பிறகும் மூன்று நொடி காத்திருப்பார், இன்னும் ஏதாவது சொல்லுவோமா என்பது போல. தப்பு செய்தவன் அந்த மூன்று நொடியிலேயே ஒப்புக்கொண்டுவிடுவான். சேர்ந்த முதல் நாள் அவர் எனக்கு ஒரு கதை சொன்னார். அது உண்மையில் நடந்தது. லேசரை எப்படிச் செய்யலாம் என்று முன்பே யோசித்த ஓர் ஆராய்ச்சி மாணவர் அதை ஒரு நோட்டில் எழுதினார். பக்கத்துத் தெருவில் மிட்டாய்க் கடை வைத்திருந்தவர் நோட்டரியாகவும் இருந்தார். அவரிடம் போய்ப் பக்கம் பக்கமாகத் தேதியிட்டுக் கையெழுத்து வாங்கினார். கருவியைச் செய்து காட்டினால்தான் காப்புரிமை கேட்க முடியும் என்று தப்பாக நினைத்துத் தாமதித்ததால், மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். ஏறத்தாழ முப்பது வருடம் வழக்காடினார். கடைசியில் அவர் பங்கு அவருக்குக் கிடைத்ததென்றால் அந்த நோட்டும் அதில் இருந்த சாட்சிக் கையெழுத்தும்தான் காரணம்.

"அதனால, நம்ம கூடத்துல ஒவ்வொரு பக்கத்துலயும் ரெண்டு கையெழுத்து இருக்கணும். எழுதினவர் ஒண்ணு, கூட இருந்தவர் ஒண்ணு. ஒரு கட்டம்கூடக் காலியா இருக்கக் கூடாது. புரியுதுங்களா?" என்றார்.

எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பதிவேட்டுக்கான படிவத்தை நானே கோடு போட்டுத் தயாரித்தேன். நேரம், மின்னழுத்தம், துடிப்பின் சக்தி, பாதுகாப்புக் கண்ணாடி, கையெழுத்து ஒன்று, கையெழுத்து இரண்டு. சபாபதி சார் மாலை ஐந்துக்கு வந்து பச்சை மையில் சுருக்கொப்பம் போடுவார். காலிக் கட்டம் இருந்தால் பேசாமல் நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளுவார்.

கூட இருந்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவர் எத்திராஜ். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரர். அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போக, இவர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தார். ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து, தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். சபாபதி சார் எதிரில் என்னை "சார்" என்பார், மற்ற நேரத்தில் "அண்ணாத்த". யாக் லேசரின் இரு கண்ணாடிகளும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் கதிர் வராது. ஒரு சின்ன வாயு லேசரின் கண்ணுக்குத் தெரிகிற சிவப்புக் கதிரை உள்ளே விட்டு, அது வந்த துளைக்குள்ளேயே திரும்பி விழும்படி திருகுகளைத் திருப்ப வேண்டும். எனக்கு அதற்கு இருபத்தைந்து நிமிடம் ஆகும். எத்திராஜ் நான்கு நிமிடத்தில் முடிப்பார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்களிடம் இருந்த பாதுகாப்புக் கண்ணாடி நீலப்பச்சையாகக் கனமாக இருக்கும். அகச்சிவப்பைத் தடுக்கும், கூடவே சிவப்பையும் தடுத்துவிடும். அதைப் போட்டுக்கொண்டால் சிவப்புப் புள்ளி தெரியாது. ஆகவே லேசரின் கண்ணாடிகளை நேராக்குகிறவர் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றியே ஆக வேண்டும். அதற்காக இரண்டு விதிகள் இருந்தன. கழற்றியிருக்கும் நேரத்தில், லேசருக்கு மின்சாரம் தரும் மின்வழங்கியின் சாவி அவர் பாக்கெட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் பொத்தானில் கை வைத்திருப்பவர் "கண்ணாடி?" என்று கேட்க வேண்டும், "போட்டாச்சு" என்ற பதில் வந்த பிறகே அழுத்த வேண்டும்.

சாவியை எடுத்தால் மின்வழங்கி மறுபடி சூடேறப் பன்னிரண்டு நிமிடம். அதனால் சாவியை எடுக்கும் வழக்கம் முதல் வருடத்திலேயே போய்விட்டது. கேள்வி மட்டும் மிஞ்சியது. ஒரு நாளைக்கு நாற்பது துடிப்பு, ஐம்பது துடிப்பு. நாற்பது முறை கேட்டு நாற்பது முறை டிக் போட நேரமில்லை. மாலையில் ஒரு கட்டம் விட்டுப்போனாலும் நோட்டு திரும்பி வரும். ஆகவே காலை ஒன்பது பத்துக்கு, வேலை தொடங்குமுன், அந்தப் பத்தி முழுவதும் மேலிருந்து கீழாக டிக் போட்டுவிடுவேன். எத்திராஜும் கீழே கையெழுத்துப் போட்டுவிடுவார்.

"இன்னா அண்ணாத்த, ஜோசியமா? சாயங்காலம் வரைக்கும் நடக்கறத இப்பவே எழுதிகினு கீற" என்று ஒரு நாள் சிரித்தார்.

"கட்டம் காலியா இருந்தா அவர் விடமாட்டாரே."

"அப்டீன்னா நாளைக்கும் சேத்துப் போட்டுடு. நாஸ்தாக்கு சீக்கிரம் போலாம்."

நானும் சிரித்தேன். டிக் போட்டாகிவிட்டதால் கேட்பதும் மெல்ல மெல்ல நின்றது. எந்த நாளில் நின்றது என்று நாட்குறிப்பில் தேடிப் பார்த்தேன். இல்லை. அது எழுதி வைக்கும்படியான விஷயமாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

1998, ஆடி மாதம், வியாழக்கிழமை. அந்த வருட நிரந்தரப் பட்டியலில் எத்திராஜின் பெயர் இருந்தது. ஒன்பது வருட ஒப்பந்த வேலைக்குப் பிறகு அந்த மாதக் கடைசியில் கையெழுத்தாக வேண்டும். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதைத்தான் சொன்னார். "வூட்டுல எல்லாருக்கும் சொல்லிட்டேன் அண்ணாத்த. இனிமே கடலுக்கு வாடான்னு எவனும் பேஜாரு பண்ண முடியாது."

பதினோரு மணிக்குக் கருவியை வாங்குகிறவர்கள் பார்வையிட வரவேண்டும். பத்து நாற்பதுக்குத் துடிப்பின் சக்தி குறைந்தது. லேசரின் பின்கண்ணாடி பிசகியிருந்தது. எத்திராஜ் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். நான் மின்வழங்கியின் முன்னால், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். சபாபதி சார் உள்ளே வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

"ஒரு துடிப்பு எடுத்துப் பாத்துடலாமா?" என்று மட்டும் கேட்டார். வழக்கம்போல மூன்று நொடி காத்திருந்தார்.

அந்த மூன்று நொடியில் நான் "கண்ணாடி?" என்று கேட்டிருக்கலாம். ஒரு சொல். அழுத்தினேன்.

லேசருக்குள் இருந்த ஃபிளாஷ் விளக்கு 'டக்' என்றது. எத்திராஜ் கையில் இருந்த எஃகு இடுக்கியில் கதிர் பட்டுத் திரும்பியிருக்க வேண்டும். அவர் கத்தவில்லை. இடுக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கண்ணுக்குள்ள இன்னாவோ பட்டுனு வெடிச்சாப்ல கீது."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல." இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். சபாபதி சார் பக்கத்தில் இருப்பதை மறந்துவிட்டார். "அண்ணாத்த, உன் மூஞ்சியக் காணோம். காது ரெண்டும் கீது. நடுவுல மூஞ்சியக் காணோம்."

தொடக்க நிலையினருக்காக நான் எழுதிய நான்கு பக்கத்தில் இதற்கு ஒரு வரி உண்டு. அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்குத் தெரியாததால் இமை மூடிக்கொள்வதில்லை. கண்ணின் லென்ஸ் அதைக் குவித்து விழித்திரையில் ஒரு புள்ளியில் சேர்க்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. எதை நேராகப் பார்க்கிறோமோ அது விழுகிற இடம் எரிந்துபோனால், அதற்கு வைத்தியம் இல்லை. சென்னையில் கண் மருத்துவர் சொன்னதும் இதுதான். அவர் சொல்லி முடித்ததும் எத்திராஜ் என்னிடம் கேட்டார்: "இந்த மாசத்துக்குள்ள சரியாப் பூடுமா அண்ணாத்த? கையெழுத்து போடணுமே."

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். சபாபதி சார் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பதிவேட்டை என் முன்னால் விரித்தார்கள்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாம்."

"பத்து நாற்பத்தெட்டு. கண்ணாடி அணிந்ததா டிக் இருக்கு. கீழே அவரே கையெழுத்தும் போட்டிருக்கார். பதிவு சரிதானே?"

சபாபதி சாரைப் பார்த்தேன். அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் என்னை மிரட்டவில்லை. இப்படிச் சொல் என்று யாரும் சொல்லித் தரவும் இல்லை. சரியில்லை என்றால் ஒன்பது வருடப் பக்கங்கள் அத்தனையும் பொய்யாகிவிடும். நான் கோடு போட்ட பக்கங்கள். அதை மட்டும்தான் நினைத்தேன். எத்திராஜின் கண்ணை அந்த நேரத்தில் நினைக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"சரி," என்றேன்.

அவர்களில் வயதானவர் பக்கத்தைத் தடவிப் பார்த்து, "ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க" என்று பாராட்டினார்.

முடிவு இரண்டு வரியில் வந்தது. கண்ணாடி வழங்கப்பட்டு அணியப்பட்டிருந்தது. பணியாளர் அதைத் தன்னிச்சையாகக் கழற்றியதால் நேர்ந்த விபத்து. நிரந்தரப் பட்டியலில் இருந்து எத்திராஜின் பெயர் எடுக்கப்பட்டது. அடுத்த வருடம் ஒப்பந்தமும் நீட்டிக்கப்படவில்லை. கடைசி நாளில் என் மேஜைக்கு வந்து, திருகு திருப்பும் சின்னச் சாவியை வைத்துவிட்டுப் போனார்.

அந்த வியாழக்கிழமை மாலையில் வீட்டில் எழுதிய நாட்குறிப்பு இப்படி இருக்கிறது: "10.48. நான் கேட்கவில்லை. டிக் 9.10க்கே போட்டது." ஆக, உண்மை என் அலமாரியிலேயே இருந்தது. ஒன்பது வருடம் இருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் பழைய நாட்குறிப்புகளைத் தூசி தட்டி அடுக்குவேன். அதையும் தட்டி அதன் இடத்தில் வைப்பேன்.

2007இல் கூடத்தை மூடப்போகிறார்கள் என்றானபோது அந்த நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு சபாபதி சாரிடம் போனேன். படித்தார். மூன்று நொடி காத்திருந்தார். நான் இன்னும் ஏதாவது சொல்லுவேன் என்று நினைத்திருக்கலாம்.

"பதிவேட்டைத் திருத்தணும் சார்," என்றேன்.

"எந்தப் பதிவேட்டை? பழசையெல்லாம் போன மாசமே காகித ஆலைக்கு அனுப்பியாச்சு. விசாரணை முடிவு மட்டும் தலைமை அலுவலகத்துல இருக்கும். ஆதாரப் பக்கம் இல்லாம அதை எப்படித் திருத்துவாங்க?" நாட்குறிப்பை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "இதுல உங்க கையெழுத்து ஒண்ணுதானே இருக்கு?" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. விதியைத்தான் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் குப்பத்துக்குப் போனேன். எத்திராஜ் மணலில் ஒரு படகு இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார், உட்கார.

"ரிட்டயர்டு ஆயிட்டியா அண்ணாத்த?"

"விருப்ப ஓய்வு. கூடத்தையே மூடறாங்க."

"நட்டு போல்ட்டுக்கு ஒரு கண்ணு போதும். எனக்கு இது ஓடிகினு கீது."

நாட்குறிப்பை எடுத்துப் படித்துக் காட்டினேன். இரண்டு வரிதான். எத்திராஜ் கையில் இருந்த பிஸ்டனைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"இதுக்கா இம்மாந்தூரம் வந்த? நீ கேக்கலன்னு எனக்குத் தெரியாதா? அங்க நான்தானே குனிஞ்சிகினு இருந்தேன்."

"விசாரணையில அதைச் சொல்லியிருக்கலாமே எத்திராஜ்?"

முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சொன்னேனே. எனக்கப்புறம்தான உன்னக் கூப்ட்டாங்க. காலைலயே டிக் போட்டுடுவாரு, யாரும் கேக்கமாட்டாங்கன்னு சொன்னேன். நோட்ல அப்டி இல்லியேன்னாங்க. அப்ப அவரையே கேளுங்க, அவரு பொய் சொல்லமாட்டாரு, எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆளுன்னு நான்தான் சொன்னேன்."

அலைச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாட்குறிப்பை மூடினேன்.

"இடது கண்ணாலயே நாலு நிமிசத்துல கண்ணாடிய நேரா வெச்சுக் காட்றேன்னேன். அதையும் கேக்கல," என்றார். பிறகு கொஞ்சம் சிரித்தார். "இப்பவும் இந்தக் கண்ண மூடினா உனக்குக் காது மட்டும்தான் கீது அண்ணாத்த." இடது கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அப்படியே என் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். "சரி, கெளம்பு. மூணு மணி பஸ்ஸ வுட்டா அப்பறம் அஞ்சு மணிக்குத்தான்."

அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. போய் என்ன செய்வது என்று தெரியவில்லை.

போன வாரம் அந்த நான்கு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு கலைவாணியின் கூடத்துக்குப் போனேன். பெரிய கூடம், நல்ல வெளிச்சம். பாதுகாப்புக் கண்ணாடிகள் இப்போது லேசாக இருக்கின்றன. சிவப்புப் புள்ளியும் தெரியும். கலைவாணி பக்கங்களைப் படித்துவிட்டு, மாணிக்கத் தண்டு பகுதி நன்றாக இருக்கிறது என்றார். மேஜைமேல் பதிவேடு விரிந்திருந்தது. அந்தக் கோடுகளைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டேன்.

"உங்க ஃபார்மட்தான் சார். இதைவிட நல்லதா எங்களால யோசிக்க முடியல," என்றார் மகிழ்ச்சியாக.

சுவரில் மணி ஒன்பதரை. இயந்திரங்கள் இன்னும் சூடேறவில்லை. கண்ணாடிப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை, மாலை ஐந்து மணி வரைக்கும், நீல மையில் டிக்.

"இது எப்ப போட்டது?" என்று கேட்டேன்.

"காலைலயே போட்டுடுவோம் சார். அப்புறம் நேரம் கிடைக்காது."

ஒவ்வொரு துடிப்புக்கும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன், எத்திராஜின் பெயரோடு, என் பெயரோடு. கலைவாணி முழுவதும் கேட்டார். அவர் முகம் வாடியது. பிறகு என்னைத் தேற்றுவதற்காகத்தான், பதிவேட்டின் பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார்.

"நீங்க மனசைப் போட்டு வருத்திக்காதீங்க சார். எங்க கூடத்துல இதுவரைக்கும் ஒருத்தருக்குக்கூட ஒண்ணும் ஆனதில்ல. நீங்களே பாருங்களேன்."

பார்த்தேன். ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை.